சாயங்காலப் பாட்டின் நாலு எண்ணிக்கை

என் எஸ்தர் அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் எது இல்லாவிட்டாலும் காற்றுக்குக் குறைவிருக்காது என்று நம்பிக்கொண்டு, வள்ளி எழுதுகிறேன்.

நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் தெரியுமா? அப்பாவின் தறிக்குழிக்குள். பகலெல்லாம் அப்பா கால்களை விட்டு மிதிக்கிற பள்ளத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தலைக்கு மேலே பாதி நெய்த சேலை. மடியில் டார்ச் விளக்கு. வெளிச்சம் வெளியே போகாமல் பாவாடையால் மூடியிருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் புழுக்கத்துக்காகக் கொல்லைப்புறத்தில் பாய் போட்டுப் படுத்திருக்கிறார்கள். யாராவது இருமினால் விளக்கை அணைத்துவிடுகிறேன். இதுவரை நாலு தடவை அணைத்தாயிற்று.

பயமாக இருக்கிறது, அக்கா. ஆனால் நாளைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் சர்ச்சுக்குப் போகப்போகிறேன். பெரியவர்கள் மூன்று பேர் முன்னால் நின்று, உன் சாயங்காலப் பாட்டில் இருக்கிற மௌனத்தை எடுக்கக் கூடாது என்று சொல்லப்போகிறேன். அதை முதலில் உன்னிடம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே என் நாக்கு ஒட்டிக்கொண்டால் இந்தத் தாள்களை அவர்கள் கையில் கொடுத்துவிடலாம் என்றும் ஓர் எண்ணம். அதனால்தான் உனக்குத் தெரிந்த சங்கதிகளைக்கூட விவரமாக எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. சித்திரை வெயிலில் காமாலை வந்து, நீ நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியிலேயே, தினமும் நீ விரிப்பு மாற்றிய கட்டில்களில் ஒன்றிலேயே படுத்துப் போய்விட்டாய். எங்கள் தெருவில் யாருக்கும் உன்னைத் தெரியாது. எனக்கு யார் வந்து சொல்வார்கள்? லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று வழக்கம்போல நாலரை மணிக்கு சர்ச்சின் பின்கதவைத் தட்டினேன். காவல்காரர் தேவசகாயம் தாத்தா திறந்தார். "தெரியாதாம்மா உனக்கு?" என்றார். ஆர்கன் பலகைக்கு அடியில் உன் வெள்ளைச் செருப்பு ஜோடியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே நீ வாசிப்பாய்.

ஆர்கன் நன்றாக இருக்கிறது. உயரமான குழாய் ஒன்றில் குருவி கூடு கட்டிவிட்டது. தாத்தா ஏணி போட்டு ஏறி எடுத்தார். எடுத்துக்கொண்டே குருவியைத் திட்டிய திட்டு சர்ச்சுக்குள் திட்டக்கூடிய திட்டு இல்லை.

இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆர்கனுக்கு இரண்டு பேர் தேவை. முன்னால் உட்கார்ந்து வாசிக்க ஒருவர். பின்னால் நின்று மரப்பிடியை மேலும் கீழும் அடித்துத் துருத்தியில் காற்று நிரப்ப ஒருவர். எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டப் பின்பக்கத்தில் ஒரு நூலில் ஈயக் குண்டு தொங்கும். குண்டு கீழ்க்கோட்டில் நின்றால் துருத்தி நிறைந்திருக்கிறது. மேல்கோட்டுக்கு ஏறினால் காற்று தீரப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிடியை அடிப்பவர் தேவசகாயம் தாத்தா. மற்ற நாட்களில் நீ பாட்டுக் கட்ட உட்காரும்போது அடித்தவள் நான். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு முடியும்வரை, மூன்று வருஷம்.

எப்படி ஆரம்பித்தது? பள்ளிக்கூடம் விட்டுப் போகிறபோது சத்தம் கேட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். தாத்தா எங்கோ டீ குடிக்கப் போயிருந்தார். நீ திரும்பிப் பார்த்து, "ஏய் பாவாடை, சும்மாதானே தொங்கிக்கினு இருக்கிற? உள்ள வந்து இதப் புடிச்சி அடி" என்றாய். பெயர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் நான் வந்தபோது, "என் நுரையீரல் வந்துடுச்சா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நீ என்னை வள்ளி என்று கூப்பிட்டது அபூர்வம்.

வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லியிருந்தேன். "மூணு வருசமா ஒரே கைக்குட்டையவா தைக்கிற? அதுல என்ன கோபுரமா கட்டுற?" என்று அம்மா கேட்பாள். உன்னிடம் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துணித்துண்டு கொண்டுவந்து, காயத்துக்குப் போடுகிற தையலில் அவசரமாக ஒரு பூ போட்டுக் கொடுத்தாய். அம்மா அதைப் பார்த்தாள். அதன் பிறகு தையலைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் இடத்தில் ஆர்கன் வாசிக்க மெட்ராஸிலிருந்து சாமுவேல் சார் வந்திருக்கிறார். ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரைப் பிடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், நன்றாக வாசிக்கிறார். விரல்கள் ஓடுவது தெரியாது. நீ விட்டுப்போன தாள்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்து, பதினோரு பாட்டுகளைச் சேர்த்துப் புத்தகமாகப் போட ஏற்பாடு செய்திருக்கிறார். உன் பெயர் அட்டையில் வரும். அக்கம்பக்கத்து ஊர் சர்ச்சுகளுக்கெல்லாம் போகும்.

அவர் சபையின் மாதப் பத்திரிகையில் உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை தாத்தாதான் கொண்டுவந்து கொடுத்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகும் அவருக்கு அச்செழுத்து தெரிவதில்லை. நான் படிக்கப் படிக்க, "என் பேரு வந்துக்குதா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வரல தாத்தா."

"இருவது வருசமா காத்து அடிக்கிறேன். ஒரு வரியிலகூட வரலியா? நல்லா தேடிப் பாரு."

"என் பேரும்தான் வரல."

"உன் பேரு எதுக்கு வருது? நீ நேத்து வந்தவ."

சாமுவேல் சார் உன்னை நிறையப் புகழ்ந்திருக்கிறார். எங்கும் போய் முறையாகப் படிக்காமல் இவ்வளவு செய்தது பெரிது என்கிறார். உன் மெட்டுகள் எளிமையாகவும் இனிமையாகவும் இருக்கின்றன, சபையார் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்கிறார். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் காதால் கேட்டு எழுதியிருக்கிறார். நான் முதுகால் கேட்டவள். அவர் எழுதாமல் விட்டதைச் சொல்ல எனக்கும் பாத்தியதை இருக்கிறது, இல்லையா?

முதலாவது, அந்தப் பேசாத கட்டை. ஆர்கனின் நடுவில் ஒரு கட்டை ஊமை. மழைக்காலத்தில் அதன் பக்கத்துக் கட்டையும் ஊமையாகிவிடும். வேறு யார் வாசித்தாலும் அங்கே விரல் பட்டுப் பாட்டில் ஓட்டை விழும். முகத்தைச் சுளிப்பார்கள். நீ அந்தக் கட்டையைத் தெரிந்துகொண்டு பாட்டுக் கட்டினாய். உன் கல்யாணப் பாட்டு அதை நோக்கி நேராக நடந்துபோய், கிட்டே வந்ததும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டுகிற பெண் மாதிரி ஒரு குதி குதிக்கும். கேட்கிறவர்களுக்கு அது குறும்பாகத் தெரியும். அங்கே ஒரு குறை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, வார்த்தை. பழைய பாட்டுகளில் வெளிநாட்டு மெட்டுக்குள் தமிழ் வார்த்தையைப் பிடித்துத் திணித்திருப்பார்கள். குறுகிச் சொல்ல வேண்டியது நீளும், நீட்ட வேண்டியது நசுங்கும். உன் பாட்டில் வார்த்தை வாயால் பேசுகிறபடியே நடக்கும். அதனால்தான் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறார்கள். சாமுவேல் சார் அதை எளிமை என்கிறார். ஒரே வரியை நீ பதினைந்து நாள் மாற்றி மாற்றி வாசித்ததை அவர் பார்த்திருந்தால் எளிமை என்று எழுதியிருப்பாரா?

மூன்றாவது, உன் இடது கை. மற்றவர்கள் இடது கையால் தாளத்துக்குத் தாளம் குத்திக்கொண்டிருப்பார்கள். நீ கீழே ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து அப்படியே நிற்க விடுவாய். கீழ்ச்சுரத்துக்குக் காற்று அதிகம் வேண்டும். அது நிற்கிற நேரமெல்லாம் என் முதுகு கழன்றுவிடும். ஆனால் அந்தச் சுரம் நிற்கும்போது காலுக்கு அடியில் தரை லேசாக அதிரும். அதன்மேல் உன் வலது கை மெதுவாக நடக்கும்போது, பிடியில் தொங்கிக்கொண்டிருந்த எனக்கு அழுகை வரும், காரணமே இல்லாமல்.

குறையும் சொல்கிறேன். அது இல்லாமல் புகழ்ந்தால் நீயே நம்ப மாட்டாய். உன் கிறிஸ்துமஸ் பாட்டில் சுரங்கள் அதிகம். அதில் நெருக்கடி என்று சாமுவேல் சார் எழுதியிருப்பது சரி. அந்த வருஷம் மெட்ராஸ் பாட்டுக்குழு வருகிறதென்று நீ கொஞ்சம் பீற்றிக்கொண்டாய். உனக்கே தெரியும்.

ஆனால் சாயங்காலப் பாட்டைப் பற்றி அவர் எழுதியதுதான் தப்பு. மூன்றாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவில் நாலு எண்ணிக்கை மௌனம் வருகிறதே, அதை உன் யோசனை இல்லை என்கிறார். பழைய வாத்தியம், காற்று அடிக்க ஒரு சின்னப் பெண், அவள் கை ஓய்ந்து காற்று தீர்ந்துபோகும்; வேறு வழியில்லாமல் நீ நிறுத்திப் பழகி, அதையே தாளில் எழுதிவிட்டாய் என்கிறார். ஆகவே புத்தகத்தில் அந்த இடத்தை அடைத்து, இரண்டு வரிகளையும் சேர்த்துத் திருத்தியிருக்கிறாராம்.

சின்னப் பெண் என்கிறாரே, அது நான். என் பெயரும் வந்துவிட்டது பார், இந்த மாதிரி.

அந்த மௌனத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குச் சொல்கிறேன். மூன்றாவது வரியில் பாட்டு படி ஏறுகிறது. ஏறி ஏறி, இன்னும் ஒரே படி பாக்கி என்கிற இடத்தில் நிற்கிறது. அந்த நாலு எண்ணிக்கையில் ஒரு சத்தமும் இல்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் மனசுக்குள் அந்தக் கடைசிப் படியை ஏறிவிடுகிறார்கள். ஏறாமல் இருக்க முடியாது. பிறகு நாலாவது வரி வருகிறது. அது மேலே போகாமல் ஒரு படி கீழே இறங்கி, மெதுவாகத் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். மௌனத்தை அடைத்துவிட்டால் அது ஏறி இறங்குகிற ஒரு சாதாரண மெட்டு. ஏறிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

அப்படியானால் காற்று தீர்ந்து நின்றதே இல்லையா என்று கேட்பார்கள். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நின்றது என்னால்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பங்குனித் திருவிழா சமயம். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாமி வருகிற மேளம் கேட்டால் தறி நிற்க வேண்டும். பாதி இழை ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, காலை மிதியிலிருந்து எடுத்து, குழியிலிருந்து ஏறி, கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். சாமி கடந்துபோன பிறகுதான் மறுபடி இறங்குவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். மேளம் கேட்டால் என் கை தானாக வேலையை விட்டுவிடும்.

அன்றைக்கு நீ சாயங்காலப் பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். வெளியே ரோட்டில் நாதஸ்வரம் கேட்டது. நான் பிடியை விட்டுவிட்டேன். விட்டது எனக்கே தெரியாது. குண்டு சரசரவென்று மேலே ஏறியது. ஆர்கன் முனகிக்கொண்டே இறங்கி, நின்றுபோனது.

"நுரையீரல்! எங்கடி போய்ட்ட?"

"இங்கதான்க்கா... சாமி..."

"எந்த சாமி?"

"எங்க சாமி. ரோட்ல போவுது."

நீ எழுந்து பின்பக்கம் வந்து பார்த்தாய். நான் சர்ச் சுவரைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தேன். அறை விழும் என்று நினைத்தேன். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்டி, எங்க சாமி வீட்டுக்குள்ள நின்னுக்கினு உங்க சாமிக்குக் கும்புடு போடுறியா?"

"பழக்கம்க்கா. கை தானா வந்துடுச்சி. தப்புக்கா."

"தப்பெல்லாம் இல்ல. பாதியில விடாத. முழுசா கும்புட்டுக்கோ."

நாதஸ்வரம் ரோட்டு முனை தாண்டிப் போகும்வரை நீயும் என் பக்கத்தில் நின்றாய். கும்பிடவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாய். பிறகு போய் உட்கார்ந்து, "எந்த எடத்துல நிறுத்தின தெரியுமா?" என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன்.

"எனக்குத் தெரியும். மூணாவது வரி உச்சியில. அதுக்கு மேல எப்படிப் போறதுன்னு ஒரு வாரமா முட்டிக்கினு கிடக்கிறேன். போவ வேணாம் போல இருக்குது. அடி, மறுபடி அடி."

அன்றைக்கே முடிந்துவிடவில்லை. அதுதான் முக்கியம். அதன் பிறகு எத்தனை நாள்! சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்த உன் நர்ஸ் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாடி பார்க்கிற மாதிரி எண்ணிப் பார்த்தாய். இரண்டு எண்ணினாய். ஆறு எண்ணினாய். எட்டு எண்ணினாய். "ரெண்டுன்னா மூச்சு வாங்குற மாதிரி இருக்குது. எட்டுன்னா ஆளு போய்ட்ட மாதிரி இருக்குது" என்றாய். நாலில் நின்றாய். நாலாவது வரி முதலில் மேலேதான் ஏறியது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கீழே இறக்கினாய். ஒரு நாள் நாலு எண்ணிக்கையில் நான் ஓய்வு கிடைத்ததென்று பிடியை விட்டேன். "யாரு உன்ன நிறுத்தச் சொன்னது? அடிச்சிக்கினே இரு. இறங்குற சுரம் ரொம்பின காத்துல வரணும்" என்று அதட்டினாய். ஓய்வுக்காக வைத்த மௌனம் என்றால் என்னை ஏன் ஓய விடவில்லை?

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அந்த வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணக்குப் போட, கூடப் படிக்கிற ஜெயந்தி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாலை ஆராதனைக்கு வந்து, ஆர்கன் பின்னால் தாத்தாவோடு நின்றுகொண்டேன். அன்றைக்குத்தான் நீ அந்தப் பாட்டை முதல் தடவை சபையில் வாசித்தாய். பிடி தாத்தா கையில். அவர் கை எப்பேர்ப்பட்ட கை! குண்டு கீழ்க்கோட்டிலேயே குத்துக்கல்லாக நின்றது. அப்படியும் நீ மூன்றாவது வரி முடிவில் கையை எடுத்தாய். நாலு எண்ணினாய். ஒரு குழந்தை இருமியது. வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்தது. பிறகு இறங்கினாய். எனக்குப் பக்கத்தில் நின்ற தாத்தா, "யப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இத்தனையும் தெரிந்த ஒருத்தி இருக்கும்போது திருத்தம் அச்சுக்குப் போகலாமா? அதனால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் சர்ச்சுக்குப் போனேன். சாமுவேல் சார் வாசித்துக்கொண்டிருந்தார். தாத்தா, "இடுப்பு புடிச்சிக்குச்சும்மா, கொஞ்சம் அடி" என்று பிடியை என்னிடம் கொடுத்தார். சாயங்காலப் பாட்டு வந்தது. அந்த இடத்தில் அவர் நிற்காமல் போனார். எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, பின்னாலிருந்து கத்திவிட்டேன்.

"சார், அங்க நிக்கணும்!"

வாசிப்பு நின்றது. மூக்குக் கண்ணாடி முதலில் தெரிந்தது, பிறகு அவர்.

"யாரும்மா அது?"

"வள்ளி, சார். காத்து அடிக்கிறவ."

"ஓ, நீதானா? எங்கம்மா நிக்கணும்?"

"மூணாவது வரி முடிஞ்சதும் நாலு எண்ணணும், சார்."

"அது காத்து தீர்ந்து நின்ன இடம்மா. தேவசகாயமே சொன்னாரே."

"ஆமா சார்," என்றார் தாத்தா. "சின்னப் புள்ள. கை நொந்து பூடும். பாவம்னு அந்தம்மா நிறுத்தும். அப்படித்தானேம்மா?"

"இல்ல தாத்தா. காத்து இருந்தாலும் அக்கா நிறுத்துவாங்க. ஐப்பசியில நீங்களே அடிச்சீங்களே, அன்னிக்கும் நிறுத்தினாங்களே."

தாத்தா தலையைச் சொறிந்தார். "அது எனக்கு எங்கம்மா ஞாபகம் இருக்குது? பாருங்க சார், என்னையே பொய்யனாக்குறா."

சாமுவேல் சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பெஞ்சில் உட்காரச் சொன்னார். "எஸ்தர் பேரைக் கெடுக்க நான் வரலம்மா," என்றார். "படிக்காத பொண்ணு, எண்ணத் தெரியாம விட்டுட்டான்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் அடைக்கிறேன். ஊர் ஊரா போற புத்தகம். பாடுறவங்க அந்த இடத்துல முழிச்சிக்கிட்டு நின்னா என்ன காரணம் சொல்றது? எனக்குக் காரணம் வேணும். நாளைக்கு அஞ்சு மணிக்குப் போதகர் ஐயா வராரு, ஞானராஜ் வராரு. நானும் இருப்பேன். வந்து சொல்லு. சனிக்கிழமை அச்சாபீசுக்குக் கொடுத்துடுவோம்."

ஞானராஜ் என்ற பெயரைக் கேட்டதும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். உனக்குத் தெரியும், அவர் சபைக் கமிட்டியில் இருக்கிறவர், பட்டுநூல் கடைக்காரர். மாதம் இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நூல் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகிறவர். என்னைப் பார்த்தால், "நம்ம வீட்டுப் பொண்ணாச்சே" என்பார். நாளைக்கு ராத்திரிக்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

அப்பா கெட்டவர் இல்லை, அக்கா. ஆனால் என்னை இந்தச் சர்ச் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே சொல்லிவிட்டார். "படிப்ப மட்டும் வாங்கிக்கினு வா. வேற எதையும் வாங்கிக்கினு வராத." மூன்று வருஷம் பொய் சொல்லிவிட்டு சர்ச்சுக்குள் இருந்தேன் என்று தெரிந்தால் என்ன செய்வார்? "படிச்சது போதும், நூல் சுத்து" என்று உட்காரவைத்துவிடுவாரோ? அடுத்த மாதம் காலாண்டுப் பரீட்சை. நான் எழுதுவேனா?

அந்தப் பக்கமும் பயம்தான். காரணம் சொல் என்கிறார் சாமுவேல் சார். காரணத்தைச் சொன்னால் எங்கள் சாமி ஊர்வலம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். சபைப் பாட்டுக்குள் இது எப்படி வந்தது என்று போதகர் ஐயா கேட்டுவிட்டால்? மௌனத்தோடு பாட்டையே எடுத்துவிட்டால்? ஊர்வலத்தை மறைத்துவிட்டு, ஐப்பசி ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். சாயங்காலத்திலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

எழுத எழுத ஒன்று தெரிகிறது. பாதியைச் சொன்னால் பாதிதான் நம்புவார்கள். அந்த ஆர்கனில் எத்தனை தடவை தவறு நடந்திருக்கிறது! குருவி உள்ளே போனது, மழையில் கட்டை ஒட்டிக்கொண்டது, தாத்தா தூங்கி விழுந்து பிடியில் மோதிக்கொண்டது. அதில் எதையாவது நீ பாட்டில் வைத்தாயா? எல்லாவற்றையும் தள்ளிவிட்டாய். இந்த ஒன்றை மட்டும் கேட்டாய், எண்ணினாய், அதற்குப் பின்னால் வருகிற வரியையே மாற்றினாய். கையை விட்டது நான். அதைப் பாட்டாக்கியது நீ. இதைச் சொல்ல நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? உன்னைக் குறை சொல்லாமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சாமுவேல் சார் உன் ஆகச் சிறந்த காரியத்தை உன்னிடமிருந்து எடுக்கிறார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து எடுத்தோம் என்று ஆகும்.

ஆகவே முழுசாகச் சொல்லப்போகிறேன். ஞானராஜ் மாமா வந்து சொல்வதற்கு முன்னால், காலையில் அப்பா தறியில் இறங்குகிறபோது நானே அப்பாவிடம் சொல்லிவிடுவேன். அடித்தால் அடிக்கட்டும். அடி வாங்கினாலும் ஐந்து மணிக்கு நடக்க முடியும். படிப்பை நிறுத்துகிறேன் என்றால் காலில் விழுவேன், அழுவேன், சாப்பிடாமல் கிடப்பேன். அது வேறு சண்டை, அதை நாளைக்கு மறுநாளிலிருந்து போடுகிறேன். அம்மா எந்தப் பக்கம் நிற்பாள் என்று தெரியவில்லை. சாமிக்காகக் கையை எடுத்தேன் என்று சொன்னால் ஒருவேளை என் பக்கம் வருவாள்.

சர்ச்சில் என்ன செய்ய வேண்டும் என்றும் முடிவு செய்துவிட்டேன். முதலில் ஒரு கெட்ட யோசனை வந்தது. பிடி என் கையில்தானே இருக்கும்? அந்த இடம் வரும்போது விட்டுவிட்டால் ஆர்கன் நின்றுதானே ஆக வேண்டும்? சாமுவேல் சார் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் என்ன செய்ய முடியும்? நினைக்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அப்படிச் செய்தால், பார்த்தீர்களா, காற்று தீர்ந்தால்தான் நிற்கிறது என்று ஆகிவிடும். அவர் எழுதிய பொய்யை நானே மெய்யாக்கின மாதிரி.

அதனால் விட மாட்டேன், அக்கா. மூன்று பேரையும் ஆர்கனுக்குப் பின்பக்கம் கூப்பிடுவேன். குண்டைக் காட்டுவேன். ஒரு தடவை அவர் எழுதியபடி, ஒரு தடவை நீ எழுதியபடி வாசிக்கச் சொல்வேன். அந்த நாலு எண்ணிக்கையிலும் அடித்துக்கொண்டே இருப்பேன். துருத்தி நிறைந்து, குண்டு கீழ்க்கோட்டில் நிற்க, பாட்டு தானாக நிற்பதை அவர்கள் பார்க்கட்டும், கேட்கட்டும். கேட்ட பிறகும் அடைத்துத்தான் போடுவோம் என்று அவர்களால் சொல்ல முடியுமா? முடியலாம். பெரியவர்கள்.

ஒருவேளை சாமுவேல் சார் கையை எடுக்க மறுத்துவிட்டால், நான் பாடிவிடுவேன். என் குரல் எப்படி என்று உனக்குத் தெரியும். "நுரையீரல் பாட வேணாம், அடிச்சா போதும்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! இருந்தாலும் பாடுவேன். மூன்றாவது வரியின் உச்சிவரை ஏறுவேன். அங்கே நிற்பேன். போதகர் ஐயா முன்னாலும் ஞானராஜ் மாமா முன்னாலும் வாயை மூடிக்கொண்டு நாலு எண்ணுவேன். ஒன்றைக்கூடக் குறைக்க மாட்டேன். பிறகு நீ இறங்கின இடத்தில் இறங்குவேன். இது சத்தியம்.

உனக்காகக் காற்றடிக்கிற தங்கை,
வள்ளி